கேட்டதும் ஓடும் கட்டளை: சிஜிஐ வழியில் ஷெல் ஸ்கிரிப்ட்

உலாவியில் ஒரு முகவரியைத் தட்டினால் வெப் சர்வர் பெரும்பாலும் எளிய வேலையைத்தான் செய்கிறது. அந்தப் பெயரில் வட்டில் இருக்கும் கோப்பை எடுத்து அப்படியே அனுப்பிவிடுகிறது. படத்துக்கும் பிடிஎஃப்புக்கும் ஏற்கெனவே எழுதி வைத்த பக்கத்துக்கும் இது போதும். ஆனால் 'இந்த நொடியில் சர்வரின் வட்டில் எவ்வளவு இடம் மிச்சம்?' என்ற கேள்விக்கு எந்தக் கோப்பிலும் பதிலை முன்கூட்டி எழுதி வைக்க முடியாது. கேட்கும்போதுதான் கணக்கெடுக்க வேண்டும். அதற்கென்றே லினக்ஸில் டிஎஃப் என்ற கட்டளை இருக்கிறது. சர்வரே அதை ஓட்டி, அது எழுதித் தரும் வரிகளை உலாவிக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது.

இந்த ஏற்பாட்டின் பெயர் காமன் கேட்வே இன்டர்ஃபேஸ், சுருக்கமாக சிஜிஐ. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இயங்கிய என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய எச்டிடிபிடி என்ற சர்வரில் 1993-இல் இது உருவெடுத்தது. அந்த சர்வரின் நிரலைத் திருத்தித் திருத்தி 1995-இல் பிறந்ததுதான் அப்பாச்சி. சிஜிஐ விதிகள் ஆர்எஃப்சி 3875 என்ற ஆவணமாக 2004-இல்தான் வெளிவந்தன. அதற்குள் உலகம் பத்தாண்டுக்கு மேலாக அவற்றைப் பயன்படுத்திப் பழகியிருந்தது.

பழைய முறைதான், ஆனால் வழக்கொழிந்து போகவில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டர்களில் இருக்கும் சின்ன சர்வர் இந்த வழியில் ஸ்கிரிப்டுகளை ஓட்டுகிறது. பிஸிபாக்ஸ் தொகுப்பிலுள்ள சர்வரும் அப்படியே. கிட் களஞ்சியத்தை இணையம் வழியே தர கிட்டுடனேயே வரும் நிரலும் ஒரு சிஜிஐ நிரல்தான். ஒரு ஆய்வகத்துக்குள், ஓர் அலுவலகத்துக்குள், நாளுக்குச் சில பத்துப் பேர் பார்க்கும் நிலவரப் பக்கத்துக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. கூடுதலாக எதையும் நிறுவ வேண்டாம். ஒரே கோப்பு, பத்து வரி. எச்சரிக்கை ஒன்று உண்டு, இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அதற்கே போகிறது: முகம் தெரியாத ஒருவர் தட்டிய எழுத்து இங்கே ஷெல்லின் வாசல் வரைக்கும் வருகிறது. எழுத்தையே கட்டளையாகப் படிப்பதுதான் ஷெல்லின் தொழில்.

ஒரு கோரிக்கையின் பயணம்

சிஜிஐ-பின் கோப்புறையில் 'இடம்' என்ற பெயரில் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலாவியிலிருந்து அந்தப் பாதைக்கு ஒரு கோரிக்கை வருகிறது. அந்தக் கோப்புறையில் உள்ளவற்றை அனுப்பக் கூடாது, ஓட்ட வேண்டும் என்று சர்வரின் அமைப்புக் கோப்பில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறோம். ஆகவே சர்வர் ஒரு புதிய புராசஸைக் கிளப்புகிறது. அந்தப் புராசஸின் உள்ளீட்டு முனையையும் வெளியீட்டு முனையையும் தன்னோடு குழாய்களால் இணைத்துக்கொள்கிறது. பிறகு அதற்குள் நம் ஸ்கிரிப்டை ஏற்றி ஓடவிடுகிறது. ஸ்கிரிப்ட் டெர்மினலில் எழுதுவதாக நினைத்து எழுதும் ஒவ்வொரு வரியும் குழாய் வழியே சர்வருக்கு வருகிறது. ஸ்கிரிப்ட் முடிந்ததும் புராசஸும் மறைகிறது. அடுத்த கோரிக்கைக்கு மறுபடி முதலிலிருந்து.

யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள் என்பது ஸ்கிரிப்டுக்கு எப்படித் தெரியும்? சூழல் மாறிகள் வழியே. கெட் கோரிக்கையா போஸ்ட் கோரிக்கையா என்பது ரிக்வெஸ்ட் மெத்தட் என்ற மாறியில் இருக்கும். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வந்த எழுத்தெல்லாம் குவெரி ஸ்டிரிங்கில். ஸ்கிரிப்டின் பெயருக்குப் பின்னால் மேலும் பாதை நீண்டிருந்தால் அது பாத் இன்ஃபோவில். கேட்டவரின் ஐபி முகவரி ரிமோட் ஏடிடிஆரில், படிவத்தின் உடல் எத்தனை பைட் என்பது கன்டென்ட் லெங்த்தில். இந்தப் பெயர்களை முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுத வேண்டும். இவை தவிர, உலாவி அனுப்பும் ஹெடர்களும் எச்டிடிபி என்ற முன்னொட்டோடு சூழல் மாறிகளாக மாறிவிடும். கேட்பவர் எந்த ஹெடரையும் எப்படி வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம் என்பதை மறக்க வேண்டாம். இதனால் வந்த வினைகளைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

ஸ்கிரிப்ட் திருப்பித் தரும் பதிலுக்கு விதி மிகக் குறைவு. முதலில் ஹெடர், அடுத்து ஒரு வெற்று வரி, அதன்பின் உடல். ஹெடரில் குறைந்தபட்சம் கன்டென்ட் டைப் இருக்க வேண்டும். ஸ்டேட்டஸ் என்ற ஹெடரைத் தரவில்லை என்றால் சர்வர் 200 என்று எடுத்துக்கொள்ளும்.

முதல் ஸ்கிரிப்ட்

முதல் வரியில் எண் குறி, வியப்புக்குறி, அதை ஒட்டி ஷெல்லின் பாதை. இங்கே பேஷைக் குறிப்பிடாமல் எஸ்எச் என்ற பொது ஷெல்லையே குறிப்பிடுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் அது டேஷ் என்ற சிறிய ஷெல்லைக் காட்டும். சீக்கிரம் கிளம்பும், வேண்டாத வசதிகளும் குறைவு. இரண்டாவது வரியில் பிரின்ட்எஃப் கொண்டு கன்டென்ட் டைப் ஹெடரை எழுதி, வரிமுடிவுக் குறியை இரண்டு முறை போடுங்கள். இரண்டாவது வரிமுடிவுதான் அந்த வெற்று வரி. வகையை 'டெக்ஸ்ட் பிளெய்ன்' என்றும் எழுத்துக் குறியாக்க முறையை 'யூடிஎஃப்-8' என்றும் சொல்லிவிடுங்கள்; யூடிஎஃப்-8 விட்டுப்போனால் தமிழ் வரிகள் உலாவியில் கிறுக்கலாகத் தெரிய வாய்ப்பு உண்டு. மூன்றாவது வரி டிஎஃப். அதோடு எச், எல் என்ற இரண்டு விருப்பங்கள். எச் அளவுகளை மனிதர் படிக்கும்படி காட்டும். எல் இந்தக் கணினியோடு சேர்ந்த வட்டுகளை மட்டும் பார்க்கச் சொல்லும்.

எல் விருப்பத்தை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வலையமைப்பு வழியே இணைத்த என்எஃப்எஸ் வட்டு ஒன்று அந்தப் பக்கம் செத்துக் கிடந்தால், டிஎஃப் அதன் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். பக்கத்தைத் திறந்தவர் ஒன்றும் வரவில்லையே என்று மறுபடி மறுபடி அழுத்துவார். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு புதிய டிஎஃப் வந்து முன்னதோடு சேர்ந்து தொங்கும். டெர்மினலில் ஒருவர் ஓட்டும் கட்டளை தொங்கினால் அவர் கன்ட்ரோல்-சி அழுத்தி வெளியே வந்துவிடுவார். சிஜிஐ வழியில் ஓடும் கட்டளைக்கு அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லை. ஆகவே எந்தக் கட்டளைக்கும் முன்னால் டைம்அவுட் கட்டளையைச் சேர்த்து, இத்தனை நொடிக்குள் முடியாவிட்டால் நிறுத்திவிடு என்று சொல்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கிரிப்டுக்கு ஓடும் உரிமையைக் கொடுத்து உலாவியில் திறந்தால் பக்கம் வரும், அல்லது 500 என்ற பிழை வரும். 500 வந்தால் உலாவியை முறைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. சர்வரின் எர்ரர் லாகைத் திறங்கள். ஸ்கிரிப்டின் பிழை முனையில் விழுந்த வரிகளை அப்பாச்சி அங்கேதான் சேர்க்கும். ஹெடர் வருமுன்பே ஸ்கிரிப்டின் வெளியீடு முடிந்துவிட்டது என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், வெற்று வரி விட்டுப்போயிருக்கலாம், அல்லது ஹெடருக்கு முன்பே ஸ்கிரிப்ட் செத்திருக்கலாம். கோப்பே இல்லை என்று லாக் சொல்லி, கோப்பு கண்ணுக்கு முன்னால் இருந்தால், விண்டோஸில் திருத்திய கோப்பாக இருக்கும். ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டியிருப்பதால், ஷெல்லின் பெயரோடு அந்த எழுத்தும் சேர்ந்து, அப்படி ஒரு ஷெல்லே இல்லாமல் போகிறது.

உங்கள் டெர்மினலில் ஓடுவது சர்வரில் ஓடாமல் போவதும் அடிக்கடி நடக்கும். சர்வர் உங்கள் பெயரில் ஓடுவதில்லை; டெபியனில் அது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனர். அந்தப் பயனருக்கு உங்கள் வீட்டுக் கோப்புறை தெரியாது, உங்கள் பாத் மாறி தெரியாது. சோதிக்கும்போது சூடோ மூலம் அந்தப் பயனராகவே மாறி, என்வ் கட்டளைக்கு மைனஸ் ஐ கொடுத்துச் சூழலை முழுக்கக் காலியாக்கி, தேவையான இரண்டு மூன்று மாறிகளை மட்டும் கையால் வைத்து ஓட்டிப் பாருங்கள். சர்வர் இல்லாமலே ஸ்கிரிப்டைச் சோதிக்க முடிவது சிஜிஐயின் பெரிய வசதி. இன்னொரு குழப்பம்: ஸ்கிரிப்ட் டெம்ப் கோப்புறையில் எழுதிய கோப்பு அங்கே போய்த் தேடினால் கிடைக்காது. டெபியனில் அப்பாச்சிக்கென்று தனி டெம்ப் கோப்புறையை சிஸ்டம்டி ஒதுக்கித் தருவதுதான் காரணம்.

தமிழ் வந்து சேரும்போது

தேடல் பெட்டியில் ஒருவர் 'மதுரை' என்று தட்டுகிறார். பார்வைக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15 பைட். முகவரியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரிவதால், குவெரி ஸ்டிரிங்கில் வந்து சேருவது 45 எழுத்து. அதைத் திரும்ப மாற்றுவது ஸ்கிரிப்டின் பொறுப்பு. ஷெல்லில் அதற்கென்று ஆயத்தக் கட்டளை கிடையாது. பெர்ல், பைத்தான் போன்ற மொழியில் இருக்கும் சோதித்த நூலகம் ஒன்றுக்கு அந்த வேலையை விடுவதே நல்லது.

போஸ்ட் கோரிக்கையில் இதே எண்ணிக்கை வேறு மாதிரி கடிக்கும். உடல் ஜேசன் வடிவில் வந்தால் தமிழ் எழுத்துகள் பைட்டுகளாக நேரே வரலாம். கன்டென்ட் லெங்த் சொல்வது பைட் கணக்கு. பேஷின் ரீட் கட்டளையிடம் 'இத்தனை எழுத்து படி' என்று அந்த எண்ணைக் கொடுத்தால், யூடிஎஃப்-8 சூழலில் அது பைட்டை எண்ணாமல் எழுத்தை எண்ணும். உடல் முழுவதையும் படித்து முடித்த பிறகும் இன்னும் வர வேண்டும் என்று காத்திருக்கும். உடல் முடிந்ததும் சர்வர் குழாயை மூடினால் தப்பித்தோம். மூடியே ஆக வேண்டும் என்று விதி இல்லை. எனவே பைட் கணக்கிலேயே படிக்கும் ஹெட் கட்டளையை, சி என்ற விருப்பத்தோடு பயன்படுத்துங்கள். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே எல்சி ஆல் என்ற மாறியில் சி என்று வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே எழாது.

வந்த எழுத்து கட்டளையாகும் இடங்கள்

அடுத்து ஒரு சின்னப் படிவம். அதில் ஒரு கணினியின் முகவரியைத் தட்டினால், சர்வரிலிருந்து பிங் செய்து அது உயிரோடு இருக்கிறதா என்று சொல்லும். வீட்டு ரவுட்டர்களின் நிர்வாகப் பக்கங்களில் இதே படிவம் உண்டு. அங்கே வெளியான பாதுகாப்பு ஓட்டைகளில் கணிசமானவை இந்தப் படிவத்தின் வழியே வந்தவை. முகவரிக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி, அதன்பின் வேறொரு கட்டளை. ரவுட்டர் இரண்டையும் ஓட்டிவிடும்.

எப்படி ஓட்டுகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் சரியாகத் தடுக்க முடியும். ஷெல் ஸ்கிரிப்டுக்குள் பிங் என்று எழுதி அருகில் ஒரு மாறியை வைத்தால், மாறிக்குள் இருக்கும் அரைப்புள்ளி கட்டளையாக மாறாது. ஷெல் முதலில் வரியைப் படித்துப் பிரித்துப் பொருள் கொள்கிறது. மாறியின் மதிப்பை அதன் பிறகே அங்கே வைக்கிறது. அப்போது அரைப்புள்ளி வெறும் எழுத்து. ஆபத்து வருவது, மதிப்பைச் சேர்த்து ஒட்டிய ஒரு வரியை ஷெல்லிடம் மறுபடி படிக்கக் கொடுக்கும்போது. சி, பெர்ல், பிஎச்பி மொழிகளில் சிஸ்டம் என்ற செயற்கூற்றுக்கு ஒட்டுப்போட்ட சரத்தைக் கொடுப்பது அப்படிப்பட்டது. ஷெல்லுக்குள்ளேயே ஈவல் அதைச் செய்யும். எஸ்எச் மைனஸ் சி-யும் அதைச் செய்யும். சமையல்காரருக்கான குறிப்புச் சீட்டில் விருந்தாளியையே ஒரு வரி எழுதவிட்டு, சீட்டை அப்படியே அடுக்களைக்கு அனுப்புவது போன்றது இது.

குவெரி ஸ்டிரிங்கைப் பிரிக்கப் பழைய கையேடுகளில் ஓர் உத்தி உலவியது: அதிலுள்ள ஆம்பர்சண்ட் குறிகளை எல்லாம் அரைப்புள்ளியாக மாற்றி, மொத்தத்தையும் ஈவலிடம் கொடு, ஒவ்வொன்றும் மாறியாகிவிடும் என்று. ஒரே வரியில் வேலை முடியும். உலகில் யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வரில் எந்தக் கட்டளையையும் ஓட்டவும் அந்த ஒரே வரி போதும். ஈவல் இருக்கும் சிஜிஐ ஸ்கிரிப்டை எங்கே கண்டாலும் நிறுத்திவிட்டுப் பிறகு பேசுங்கள்.

ஈவல் இல்லாமலும் இரண்டு இடங்களில் சறுக்கும். முதலாவது, மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வைக்காமல் விடுவது. மதிப்பில் இடைவெளி இருந்தால் அது பல துண்டுகளாகும், நட்சத்திரக் குறி இருந்தால் கோப்புப் பெயர்களாக விரியும். மேற்கோள் போட்டாலும் மதிப்பு கழித்தல் குறியில் தொடங்கினால் அதைக் கட்டளை தன் விருப்பமாக எடுத்துக்கொள்ளும். டார் போன்ற கட்டளைகளில் வேறு நிரலை ஓட்டச் சொல்லும் விருப்பங்களே உண்டு. விருப்பங்கள் இத்தோடு முடிந்தன என்று சொல்ல, மதிப்புக்கு முன்னால் இரண்டு கழித்தல் குறிகளைத் தனியாகப் போடுங்கள். இரண்டாவது சறுக்கல் பேஷுக்கே உரியது, பலருக்குத் தெரியாதது. வந்த மதிப்பை எண்ணாக ஒப்பிடும்போது இரட்டைச் சதுர அடைப்புக்குள் பேஷ் அதைக் கணக்காக மதிப்பிடுகிறது. வரிசையின் சுட்டெண் போல எழுதி அதற்குள் ஒரு கட்டளையைப் பொதிந்து அனுப்பினால், ஒப்பிடும் சாக்கில் அந்தக் கட்டளையும் ஓடிவிடும். எண்தானே என்று நம்பி ஒப்பிடாதீர்கள். இலக்கங்கள் மட்டும்தான் இருக்கின்றனவா என்று கேஸ் கட்டளையால் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ஆகாத எழுத்துகளைப் பட்டியலிட்டுத் தடுக்கும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1996-இல் பிஎச்எஃப் என்ற தொலைபேசி விவரத் தேடல் நிரல் சிக்கியது அப்படித்தான். என்சிஎஸ்ஏ சர்வரோடும் தொடக்ககால அப்பாச்சியோடும் மாதிரி நிரலாக அது வந்தது. ஆபத்தான குறிகளை எல்லாம் செயலிழக்கச் செய்ய அதில் ஒரு செயற்கூறும் இருந்தது. பட்டியலில் வரிமுடிவுக் குறி மட்டும் விட்டுப்போயிற்று. முகவரியில் சதவீதக் குறி, சுழியம், ஏ என்று சேர்த்தால் புதிய வரி; புதிய வரியில் புதிய கட்டளை. கடவுச்சொல் கோப்பைப் படித்துப்போக அது போதுமானதாக இருந்தது. ஆகும் எழுத்துகளைச் சொல்லி, மற்ற எல்லாவற்றையும் மறுப்பதே சரியான வழி. கணினிப் பெயருக்கு ஆங்கில எழுத்து, இலக்கம், புள்ளி, நடுவில் கழித்தல் குறி ஆகியவை போதும். வேறு ஒரு எழுத்து இருந்தாலும் 400 என்று திருப்பி அனுப்புங்கள்.

அதைவிட நல்லது, தட்டவே விடாமல் இருப்பது. பத்துக் கணினிகளைத்தான் பிங் செய்ய வேண்டும் என்றால் படிவத்தில் பத்துப் பெயர்களைக் கொடுங்கள். ஸ்கிரிப்டில் கேஸ் கட்டளை, 'நூலகம்' என்று வந்தால் இந்த ஐபி, 'ஆய்வகம்' என்று வந்தால் அந்த ஐபி என்று நீங்கள் எழுதிய மதிப்பையே எடுக்கட்டும். வெளியிலிருந்து வந்த எழுத்து ஒப்பிட மட்டுமே பயன்படுகிறது. நிலவரப் பக்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு இது போதும், சோம்பலால்தான் செய்யாமல் விடுகிறார்கள்.

ஸ்கிரிப்டில் ஒரு தவறும் இல்லாமலே மாட்டிக்கொண்ட காலமும் உண்டு. 2014 செப்டம்பரில் ஸ்டெஃபான் ஷாசெலா கண்டுபிடித்த ஷெல்ஷாக் ஓட்டை பேஷுக்குள்ளேயே இருந்தது. சூழல் மாறியின் மதிப்பு, ஒரு செயற்கூற்றின் வரையறை போலத் தொடங்கினால், பேஷ் கிளம்பும்போதே அதைப் படிக்கும். வரையறை முடிந்த பிறகும் நிற்காமல், பின்னால் ஒட்டியிருக்கும் கட்டளையையும் ஓட்டிவிடும். 1989-லிருந்து யாரும் கவனிக்காமல் கிடந்தது. உலாவியின் பெயரைச் சொல்லும் ஹெடரில் அப்படி ஒரு வரியை எழுதி அனுப்பினால், சிஜிஐ அதை ஒழுங்காக ஒரு சூழல் மாறியில் வைத்து பேஷிடம் கொடுத்துவிடும். ஸ்கிரிப்ட் தன் முதல் வரியைத் தொடுமுன்பே எல்லாம் முடிந்திருக்கும். 2016-இல் பேசப்பட்ட எச்டிடிபாக்ஸி இதன் தூரத்து உறவு. பிராக்ஸி என்ற ஹெடரை அனுப்பினால், முன்னொட்டு சேர்ந்து அது எச்டிடிபி பிராக்ஸி என்ற சூழல் மாறியாகிறது. பல நிரல்கள் வெளியே போகும் இணைப்புக்கு இடைத்தரகர் யார் என்று தெரிந்துகொள்ளப் பார்ப்பதும் அதே மாறியைத்தான். அந்த ஹெடரை உள்ளே விடாமல் சர்வரிலேயே நீக்கிவிடச் சொல்லுங்கள்.

உரிமையும் இடமும்

எதையாவது மாற்றும் கட்டளையைக் கெட் கோரிக்கையில் வைக்காதீர்கள். நிறுத்து, அழி, மறுதொடக்கம் எல்லாம் போஸ்ட் வழியே மட்டும் நடக்க வேண்டும். இணைப்புகளைத் தானாகவே முன்கூட்டித் திறந்து வைக்கும் கூகுள் வெப் ஆக்ஸிலரேட்டர் 2005-இல் வந்தபோது, 'அழி' என்பதைச் சாதாரண இணைப்பாக வைத்திருந்த தளங்களில் பயனர்களின் தரவு அவர்கள் அழுத்தாமலே அழிந்தது. தேடுபொறிகளும் இணைப்பு கண்ட இடமெல்லாம் போகும்.

ரூட் உரிமை தேவைப்படும் கட்டளை ஒன்று இருந்தால், சர்வரையே ரூட்டாக ஓட்டாதீர்கள். சூடோ அமைப்பில் அந்த ஒரு கட்டளையை மட்டும், அதன் விருப்பங்களோடு முழுப் பாதையாக எழுதி அனுமதியுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் கெட்டுப்போகும் வேலை என்றால் எஃப்லாக் கட்டளையால் பூட்டி, ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று ஓடும்படி செய்யுங்கள். கட்டளையின் வெளியீட்டை எச்டிஎம்எல் பக்கத்துக்குள் வைப்பதானால் சிறியது, பெரியது, ஆம்பர்சண்ட் குறிகளை மாற்றிவிட்டு வையுங்கள். கோப்புப் பெயரில்கூட ஒருவர் ஜாவாஸ்கிரிப்டை ஒளித்து வைக்கலாம். பக்கம் அலுவலகத்துக்குள் மட்டும் தேவை என்றால் சர்வரை உள் வலையமைப்பின் முகவரியில் மட்டும் கேட்க வையுங்கள், கடவுச்சொல்லும் போடுங்கள்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய புராசஸ் என்பதால் கூட்டம் கூடினால் இந்த முறை திணறும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் கோரிக்கை வரும் பக்கம் என்றால், டைமர் ஒன்று நிமிடத்துக்கு ஒருமுறை கட்டளையை ஓட்டி வெளியீட்டைக் கோப்பில் எழுதி வைக்கட்டும். சர்வர் அந்தக் கோப்பைத் தரட்டும். உண்மையிலேயே ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டும் என்றால், ஒரே புராசஸ் உயிரோடு இருந்து பல கோரிக்கைகளைக் கவனிக்கும்படி 1996-இல் வந்த ஃபாஸ்ட்சிஜிஐ பக்கம் போகலாம். பைத்தானில் சிஜிஐ நூலகத்தை நம்பி எழுதியவர்கள் எப்படியும் மாற்றியாக வேண்டும். 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் அது நீக்கப்பட்டுவிட்டது.

என்ஜின்எக்ஸ் சர்வர் சிஜிஐ நிரலைத் தானாக ஓட்டாது. ஆனால் ஃபாஸ்ட்சிஜிஐ பேசும். நடுவில் எஃப்சிஜிஐராப் என்ற சிறு நிரலை வைத்தால் அது பழைய ஸ்கிரிப்டுகளை அப்படியே ஓட்டித் தரும். ஒரு வரியும் மாற்ற வேண்டாம். ஸ்கிரிப்ட் ஃபைல்நேம் என்ற மாறியில் கோப்பின் முழுப் பாதையைச் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்கிரிப்டுகளை இனி ஓட்டுவது எஃப்சிஜிஐராப் என்பதால், அது எந்தப் பயனராக ஓடுகிறதோ அந்தப் பயனருக்கு மேலே சொன்ன உரிமைகளை எல்லாம் மறுபடி ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.